மாதிரிப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்

‘முப்பதே நாளில் டேட்டா அனலிஸ்ட்’, ‘இன்டர்வியூவில் கேட்கும் நூறு கேள்விகள்’, ‘எக்செல் ஏ டு இசட்’. வேலை தேடுகிறவர்களையும், இருக்கிற வேலையில் அடுத்த படி ஏற நினைக்கிறவர்களையும் குறிவைத்து வரும் மின்னூல்களுக்கு ஏறக்குறைய இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். விலை 49, 99, மிஞ்சிப்போனால் 299. ஒரு பிளேட் பிரியாணி காசுதானே என்று விரல் தானாகவே பொத்தானைத் தொட்டுவிடுகிறது. திறந்தால், இணையத்தில் சும்மா கிடைக்கும் நாலு கட்டுரைகளை ஒட்டிப்போட்ட முப்பது பக்கம்.

போனது 99 ரூபாய் மட்டும் என்றால் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிடலாம். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் மாறிப்போன பாடத்திட்டத்தை உருப்போடுவதும், ரத்தான சட்டப் பிரிவை நேர்காணலில் சொல்லிவிட்டு முழிப்பதும்தான் பெரிய நஷ்டம். இத்தனைக்கும், ஏமாற்றப்போகிற மின்னூல் தன்னைப் பெரிதாக ஒளித்துக்கொள்வதில்லை. விற்பனைப் பக்கத்திலும் இலவச மாதிரியிலும் அதன் லட்சணம் அப்படியே கிடக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இலவசத்தைத் தேடுங்கள்

கடைக்குள் நுழையும் முன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இதைப் படித்து முடித்ததும் எனக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? ‘எக்செல் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது போதாது. ‘மாத விற்பனைக் கணக்கைப் பிவட் டேபிளில் போட்டு மேனேஜருக்கு அனுப்பத் தெரிய வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள்; பட்டியலில் இருக்கும் பாதி நூல்கள் அங்கேயே கழன்றுவிடும்.

அடுத்து, அதே சரக்கு காசில்லாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். டி.என்.பி.எஸ்.சி. தன் பாடத்திட்டத்தையும் முந்தைய வினாத்தாள்களையும் தன் இணையதளத்திலேயே போட்டுவைத்திருக்கிறது. பள்ளிப் பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் பி.டி.எஃப். கோப்பாக இலவசமாகத் தருகிறது, என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் அப்படியே. ‘ஆறு முதல் பன்னிரண்டு வரை பாடச் சுருக்கம்’ என்று விற்கும் மின்னூலை வாங்கும் முன் அந்தப் பாடநூலின் ஒரே ஒரு பாடத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுருக்கியிருக்கிறார்களா, பெட்டிச் செய்திகளை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

மற்ற துறைகளிலும் இதே கதைதான். பைத்தான் கற்க நினைப்பவர்கள் அல் ஸ்வைகார்ட் எழுதிய ‘ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்’ நூலை அவருடைய தளத்திலேயே காசில்லாமல் படிக்கலாம். எக்செல் ஷீட்டையும் பி.டி.எஃப். கோப்பையும் வைத்துக்கொண்டு தினமும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற அலுவலக ஊழியருக்கென்றே எழுதின மாதிரி இருக்கும். ஆலன் டவ்னியின் ‘திங்க் பைத்தான்’ நூலும் இலவசம்தான். ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்களில் பாடங்களுக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் பணம்.

காசு கொடுத்து வாங்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சிதறிக் கிடப்பதை விஷயம் தெரிந்த ஒருவர் வரிசைப்படுத்தி, எதைப் படிக்காமல் விடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் 500 ரூபாய்கூட மலிவுதான். அச்சில் வந்த நூல் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் அங்கே அந்த நூல் இருந்தால் ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மின்பதிப்பை வாங்கலாம்.

மாதிரியை எப்படிப் படிப்பது

கிண்டில் கடையில் பொதுவாக நூலின் முதல் 10 சதவீதம் மாதிரியாகக் கிடைக்கும். கூகுள் பிளே புக்ஸிலும் மாதிரி உண்டு. பலர் இதை இறக்கி, முன்னுரையின் முதல் பத்தியைப் படித்து, நடை நன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறார்கள். முன்னுரையை மட்டும் யாரும் நன்றாக எழுதிவிடலாம்.

பக்க எண்ணிக்கையில் தொடங்குங்கள். விலைக்குக் கீழே, நூல் விவரத்தில் இருக்கும். நாற்பது பக்க நூலுக்குப் பத்து சதவீதம் என்றால் நாலு பக்கம். தலைப்பு, காப்புரிமை, சமர்ப்பணம், நன்றி என்று அந்த நாலும் தீர்ந்துவிடும். மாதிரி முடிந்தும் பாடம் தொடங்கவில்லை என்றால், வாங்கினாலும் பெரிதாக ஒன்றும் தொடங்கப்போவதில்லை.

அடுத்தது பொருளடக்கம். முதல் மூன்று அத்தியாயங்கள் ‘வெற்றி மனநிலை’, ‘இலக்கை நிர்ணயித்தல்’, ‘ஏன் இந்தத் துறை’ என்று போகின்றனவா? எட்டு அத்தியாய நூலில் மூன்று அங்கேயே காலி. நீங்கள் முதலில் எழுதிவைத்த அந்த ஒரு வரி எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். விரல் நிற்க இடமில்லை என்றால் அடுத்த நூலைப் பாருங்கள்.

எக்செல் நூல்களில் படங்களே சாட்சி சொல்லிவிடும். மாதிரியில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைப் பெரிதாக்குங்கள். இடது மேல் மூலையில் வட்டமான ஆபீஸ் பொத்தான் தெரிந்தால் அந்தப் படம் 2007 பதிப்பில் எடுத்தது. ஹோம், இன்சர்ட் முதலிய தலைப்புகள் முழுக்கக் கேப்பிட்டல் எழுத்தில் இருந்தால் 2013 பதிப்பு. விற்பனைப் பக்கமோ போன வருடம் வெளியான நூல் என்று சொல்லும். பொருளடக்கத்தில் வி-லுக்கப்புக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருப்பார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய எக்ஸ்-லுக்கப்பின் பெயரே இருக்காது, பவர் குவெரி பற்றி மூச்சு இருக்காது. வி-லுக்கப் இன்றும் வேலை செய்கிறது, கற்றால் நஷ்டமில்லை. ஆனால் பழைய கோப்பைத் தூசி தட்டிப் புது அட்டை போட்டவர், மற்ற அத்தியாயங்களில் மட்டும் சிரத்தை காட்டியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வருடத்தை நம்பாதீர்கள், உள்ளடக்கத்தைப் பாருங்கள்

விற்பனைப் பக்கத்தில் இருக்கும் தேதி பல நேரம் அந்தக் கடையில் கோப்பை ஏற்றிய தேதிதான். காப்புரிமைப் பக்கத்தில் இருக்கும் ஆண்டையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். அதைவிட நல்லது, உங்கள் துறையில் சமீபத்தில் மாறிய ஏதாவது ஒன்றை வைத்து நூலைச் சோதிப்பது.

சட்டம், காவல்துறைத் தேர்வு, பொது அறிவு நூல்கள் என்றால்: இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்றும் மோசடிக்கு 420 என்றும் மட்டும் சொல்லிவிட்டுப் போகும் நூல் பழையது. புதிய சட்டத்தில் அவை 103, 318. மனிதவளப் பிரிவில் வேலை தேடுகிறவர்களுக்கு: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கிராஜுவிட்டி, சம்பள வரையறை பற்றிப் பேசும் நூலில் அந்தத் தொகுப்புகளின் பெயர் வர வேண்டும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு: 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலில். பைத்தான் மாதிரியில் ‘பிரின்ட்’ கட்டளை அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியே முடிந்துவிட்டது.

எழுதினது யார்?

2023 ஆகஸ்ட்டில் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஃப்ரீட்மன் அமேசானில் தன் பெயரில் சில நூல்கள் விற்பனைக்கு இருப்பதைக் கண்டார். அவர் எழுதாதவை; செயற்கை நுண்ணறிவு எழுதினதாகத் தோன்றிய நூல்கள். பதிப்புத் துறை பற்றியே பல ஆண்டுகளாக எழுதிவருகிறவர் அவர். விஷயம் வெளியே வந்து பரபரப்பான பிறகுதான் அவை நீக்கப்பட்டன. அடுத்த மாதமே அமேசான், ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு மூன்று! கட்டுப்பாடே இது என்றால் அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் எழுதின நூல் என்றால் அதை நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்றும் அப்போது விதி வந்தது. தெரிவிக்க வேண்டியது நிறுவனத்திடம் மட்டும்தான்; வாங்குகிறவர் பார்க்கும் பக்கத்தில் அதைப் போட வேண்டும் என்று விதியில் இல்லை.

ஆகவே ஆசிரியர் பெயரைத் தொட்டு அவருடைய மற்ற நூல்களைப் பாருங்கள். ஒரே ஆண்டில் பங்குச்சந்தை, சர்க்கரை நோய், ஜாவா, குழந்தை வளர்ப்பு என்று எல்லாவற்றிலும் கைவைத்தவராக இருந்தால் யோசியுங்கள். அந்தத் துறையில் அவர் வேலை பார்த்திருக்கிறாரா, வகுப்பு எடுத்திருக்கிறாரா, லிங்க்ட்இன்னில் ஆள் இருக்கிறாரா? பெரிய பட்டம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பதினைந்து வருடம் டாலி போட்ட ஒரு கணக்காளர் எழுதின கையேடு பேராசிரியர் எழுதினதைவிட உதவலாம். ஆள் நிஜமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை, மாதிரியிலிருந்து கொஞ்சம் நீளமான ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது. வேறொரு தளத்திலோ, வேறு அட்டையும் வேறு ஆசிரியரும் போட்ட இன்னொரு நூலிலோ அதே வாக்கியம் வந்து நிற்கலாம். மறுவிற்பனை உரிமையோடு மொத்தமாகக் கோப்பு விற்கும் வியாபாரம் ஒன்று இருக்கிறது. வாங்கினவர் அட்டையை மாற்றித் தன் பெயரில் விற்றுக்கொள்ளலாம். சட்டப்படி அதில் தவறுகூட இல்லை.

தமிழில் வருகிற வேலைவாய்ப்பு நூல்களில் நான் பார்ப்பது உதாரணங்களைத்தான். திருப்பூர் பனியன் கம்பெனியின் மெர்ச்சன்டைசரோ, ஓசூர் தொழிற்சாலையின் ஷிஃப்ட் இன்சார்ஜோ, ஒரு பெயரும் ஊரும் சம்பளமும் எங்காவது தலைகாட்ட வேண்டும். எல்லா அத்தியாயமும் ஒரே நீளம், எல்லா உதாரணமும் ‘ஒரு நிறுவனத்தில் ஒரு ஊழியர்’ என்றால் கடையை மூடிவிடலாம்.

நட்சத்திரமும் நம்பர் ஒன்னும்

ஐந்து நட்சத்திர விமர்சனங்களையும் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களையும் தள்ளிவைத்துவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று அவர்கள்தான் நிதானமாகச் சொல்வார்கள். அச்சுப் பதிப்பின் விமர்சனங்களும் மின்பதிப்பின் விமர்சனங்களும் ஒரே இடத்தில் கலந்து வருவது உண்டு. ‘பேக்கிங் அருமை, தாள் தரம் சூப்பர்’ என்று படித்துவிட்டு மின்னூலை வாங்குவதில் என்ன இருக்கிறது? பாராட்டுகள் எல்லாம் ஒரே வாரத்தில் குவிந்து அதற்குப் பிறகு ஆளரவமே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘அமேசான் நம்பர் 1’ என்று ஆசிரியர் போடும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மயங்க வேண்டாம். எந்தப் பிரிவில் நம்பர் 1 என்று பாருங்கள். மிகக் குறுகலான உட்பிரிவு ஒன்றில் ஒரு நாள் நாலைந்து பிரதி விற்றாலும் மேலே வர வாய்ப்பு உண்டு. கிண்டிலில் சுயமாகப் பதிப்பிப்பவர் ஒரு குறிப்பிட்ட திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளுக்கு ஐந்து நாள் நூலை இலவசமாகத் தரலாம். இலவச நூல்களுக்குத் தனிப் பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலில் முதலிடம் என்றால் காசு கொடுத்து வாங்கினவர்கள் அதிகம் என்று அர்த்தமில்லை.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வந்தால்

பெரிய கடைகளில் மாதிரியாவது இருக்கிறது. இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வரும் விளம்பரத்தைத் தொட்டால் போய் நிற்கும் ஒற்றைப் பக்கக் கடையில் அதுவும் இருக்காது. 1,999 ரூபாயை அடித்துவிட்டு 99. கூடவே பத்து போனஸ் மின்னூல்கள். மேலே சிவப்பில் ஒரு கடிகாரம், 09:58, 09:57 என்று இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். மறுபடி 10:00இல் இருந்து ஓடினால், அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற எண்களையும் அதே கண்ணோடு பாருங்கள். இல்லாத அவசரத்தை உண்டாக்கும் இந்த வேலையைத் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்றாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்டிருக்கின்றன. நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பணம் கட்டும் இடத்தில் ‘டெம்ப்ளேட் பேக் 149’ என்று ஒரு பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். யு.பி.ஐ.யில் ‘ஆட்டோபே’ அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு நூலுக்கு மாதாமாதம் பணம் எடுக்க எந்த அவசியமும் இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் உங்கள் யு.பி.ஐ. செயலியிலேயே அதை ரத்து செய்யலாம்.

டெலிகிராமில் ‘500 புத்தகம் 99 ரூபாய்’ என்று வருவது பெரும்பாலும் திருட்டு நகல். எழுதினவருக்கு ஒரு பைசா போகாது. வாங்கினவருக்கும் ஐந்நூற்றில் நாலைத் திறக்கவே பொழுது இருக்காது.

கோப்பு எப்படிப்பட்டது?

போனில் படிக்கப்போகிறீர்கள் என்றால் ஏ4 அளவு பி.டி.எஃப். கோப்பு தலைவலி. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். திரைக்கு ஏற்ப எழுத்து மடங்கும் ஈபப், கிண்டில் வடிவங்கள் வாசிக்கச் சௌகரியம். அட்டவணையும் நிரல் வரிகளும் நிறைந்த நூல் என்றால் அதே மடக்கலில் சிதறிப்போகும். அவற்றுக்குக் கணினித் திரையில் பி.டி.எஃப்.தான் சரி. தமிழ் நூலில் இன்னொன்றும் பாருங்கள். பழைய எழுத்துருவிலோ ஸ்கேன் செய்த படமாகவோ இருந்தால் தேட முடியாது, நகலெடுத்தால் குப்பையாக ஒட்டும். மாதிரியில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். தேர்வுக்குப் படிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கையில் இருப்பது முழுச் சொந்தம் என்றும் நினைத்துவிடாதீர்கள். விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ பிரதிகளை 2009இல் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பது வேறு. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கின நூல்களும் திறக்காமல் போயின. அங்கேயும் பணம் திரும்ப வந்தது, நூலில் எழுதிவைத்த குறிப்புகள் போயின. வருடக்கணக்கில் புரட்டப்போகிற துறை நூல் என்றால், பூட்டு இல்லாத கோப்பாகத் தரும் பதிப்பாளரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

அலுவலகக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பல நிறுவனங்கள் பயிற்சிச் செலவை ஈடுகட்டும். ஆனால் ஒற்றைப் பக்கக் கடையின் ‘பணம் கிடைத்தது, நன்றி’ மெசேஜை அக்கவுன்ட்ஸ் பிரிவு ஏற்காது. முறையான ரசீது வருமா என்று முன்பே கேளுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கின நூலைக் குழுவில் எல்லாருக்கும் அனுப்புவது உரிம விதிப்படி செல்லாது என்பதையும் டீம் லீடரிடம் சொல்லிவிடுங்கள்.

வாங்கியாயிற்று, மோசம். இனி?

வாங்கின அன்றைக்கே திறந்து பாருங்கள். பெரிய கடைகளில் மின்னூலைத் திருப்ப ஏறக்குறைய ஏழு நாள்தான் கெடு. ஆர்டர் பட்டியலுக்குள் போனால் அதற்கான வழி இருக்கும். பாதி படித்துவிட்டுத் திருப்பினால் மறுக்கலாம்.

‘டிஜிட்டல் பொருள், பணம் திரும்பக் கிடையாது’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் கேளுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்கிறது அந்த விதி. கடையின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் பணம் கட்டும் முன்பே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போன மறுநாள் ‘300 பக்கம்’ என்ற வரி அங்கே இல்லாமல் போகலாம். மின்னஞ்சலில் ஆர்டர் எண், தேதி, தொகை, சொன்னது என்ன, வந்தது என்ன என்று ஐந்தே வரி எழுதுங்கள். திட்டாதீர்கள், நீட்டாதீர்கள்.

பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இணையவழியில் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 99 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக மாட்டீர்கள்தான். ஆனால் 1915இல் பதிவு செய்தேன் என்று எண்ணோடு ஒரு வரி அனுப்பினாலே சிலர் அன்று மாலையே பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பணம் கட்டியும் கோப்பே வரவில்லை, கடையும் காணோம் என்றால் அது மோசடி வழக்கு; சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். ‘ரீஃபண்ட் தருகிறோம், பின் நம்பர் போடுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். பணம் உள்ளே வருவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை.